நஞ்சை இருக்கிறது, காகிதம் இருக்கிறதா?

மன்னார்குடிப் பக்கம் ஒருவருக்கு ஒரு வேலி நிலம் இருக்கிறதென்றால் ஊரில் அவருக்குத் தனி மரியாதை. ஒரு வேலி என்பது 20 மா, ஏறக்குறைய 6.6 ஏக்கர். வாய்க்கால் பாசனம், தண்ணீர் வந்தால் இரண்டு போகம். மகன் பி.இ. முடித்துவிட்டு மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறேன் என்கிறான். நிலம் இருக்கும்போது என்ன கவலை என்று அப்பா சிட்டாவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போகிறார். மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகவே திருப்பித் தருகிறார்.

"அக்ரி லேண்டை எஜுகேஷன் லோனுக்கு எடுக்கறதில்லைங்க. டவுன்ல வீடு, மனை ஏதாச்சும் உங்க பேர்ல இருக்கா?"

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று டெல்டாவில் எங்கே போனாலும் இதே பேச்சைக் கேட்கலாம். வெளிநாட்டுப் படிப்புக்குத் தயாராவது என்றால் ஐ.இ.எல்.டி.எஸ்., ஜி.ஆர்.இ. தேர்வுகள், நோக்கக் கட்டுரை என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அதெல்லாம் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை. முட்டி மோதி நாலைந்து மாதத்தில் முடித்துவிடுவான். டெல்டாக் குடும்பம் திணறுவது வேறு இடத்தில். இங்கே சொத்து மண்ணாக, நகையாக, நெல்லாக, தாத்தா பெயரில் ஒரு பட்டாவாக இருக்கிறது. வெளிநாட்டுத் தூதரகமும் உள்ளூர் வங்கியும் கேட்பது காகிதம்: சரியான ஆளின் பெயரில், சரியான வடிவத்தில், சரியான தேதியில். மண்ணைக் காகிதமாக்குவதுதான் உண்மையான தயாரிப்பு. அதற்கு ஒன்றரை வருடம் வேண்டும்.

முதலில் அந்த மேலாளர் ஏன் அப்படிச் சொன்னார் என்று பார்க்கலாம். அவர் திமிரால் சொல்லவில்லை. கடன் திரும்பி வராவிட்டால் வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்க வழி செய்வது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். அதன் 31-ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. உழவனின் நிலத்தை வங்கி சுலபமாகப் பிடுங்கிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த பிரிவு அது. பிடுங்க முடியாத நிலத்தின் பேரில் பெரிய தொகை கொடுக்க வங்கிக்கு மனம் வராது என்பது அதன் மறுபக்கம். பயிர்க் கடனுக்கு அதே சிட்டா, அதே அடங்கல் செல்லும். முப்பது லட்ச ரூபாய் கல்விக் கடனுக்குப் பெரும்பாலும் செல்லாது.

வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை ஈடு கேட்பதில்லை. 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன். அதற்கு மேல் சொத்து ஈடு. வெளிநாட்டுப் படிப்பு 7.5 லட்சத்துக்குள் அடங்காது என்பதால் எப்படியும் மூன்றாவது வாசலில்தான் போய் நிற்க வேண்டும். பெயர்பெற்ற சில பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு ஈடு இல்லாமலே தரும் திட்டங்கள் சில வங்கிகளில் உண்டு. அந்தப் பட்டியலை வங்கியிலேயே கேட்டு வாங்கி, விண்ணப்பிக்கும் முன்பே படித்துவிடுவது நல்லது. இடம் கிடைத்த பிறகு படித்து என்ன பயன்?

சரி, நிலம் வேண்டாம், வீட்டை வைக்கலாம் என்றால் அங்கே இன்னொரு சங்கதி. டெல்டாவில் கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தமான மனைகள் ஏராளம். அடிமனை கோயிலுடையது, மேலே கட்டியிருக்கும் வீடு நம்முடையது, வருடா வருடம் பகுதி (அடிமனை வாடகை) கட்டுகிறோம். மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் மாடி வீடுதான். ஆனால் மனைக்குப் பத்திரம் இல்லை, அதனால் வங்கிக்கு அது வீடே இல்லை. கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் நிலையும் இதுதான். பதிவேட்டில் பெயர் இருக்கும். அது உழும் உரிமைக்குச் சான்று, அடகு வைக்க உதவாது.

சொந்த மனையே இருந்தாலும் பட்டா யார் பெயரில்? தாத்தா இறந்து பதினைந்து வருடம் ஆகியிருக்கும். பங்காளிகள் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் அனுபவிப்பார்கள். காகிதத்தில் அது இன்னும் தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ கிடக்கும். வங்கியின் வக்கீல் மூலப்பத்திரம் கேட்பார், முப்பது வருட வில்லங்கச் சான்று கேட்பார், வாரிசுச் சான்றிதழ் கேட்பார், பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் கேட்பார். பாகப்பிரிவினை என்றால் அத்தைகளும் கையெழுத்துப் போட வேண்டும். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. ஒரு அத்தை பாபநாசத்தில், ஒரு அத்தை பம்பாயில், மூன்றாவது அத்தையோடு பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் மகன் வெளிநாடு போகிறான் என்று அந்த மூன்றாவது அத்தை வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு போய் உட்கார்வதும் தயாரிப்பில் ஒரு பகுதிதான். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இது இருக்காது.

இது வங்கிக் கடன் கதை. கடனே வேண்டாம், கையில் பணம் இருக்கிறது என்பவருக்குச் சிக்கல் வேறு மாதிரி வரும்.

பிரிட்டன் விசாவுக்கு, முதல் வருடக் கட்டணத்தில் பாக்கியும் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் கணக்கில் இருப்பதைக் காட்ட வேண்டும். 2025 நவம்பரில் உயர்த்திய அளவின்படி லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு. ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு. தொகையைவிட அதோடு சேர்ந்த நிபந்தனைதான் கடினம். தொடர்ச்சியாக 28 நாட்கள் அந்தத் தொகை ஒரு ரூபாய்கூடக் குறையாமல் கணக்கில் கிடக்க வேண்டும். கணக்கு மாணவர் பெயரிலோ பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயரிலோ இருக்க வேண்டும். தாய்மாமன் கணக்கு ஆகாது. சிங்கப்பூர்ச் சித்தப்பா கணக்கும் ஆகாது. நிலம், நகை, பங்குப் பத்திரம் எதுவும் கணக்கில் வராது.

டெல்டாக்காரர்களுக்கு இது புரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. கடல் தாண்டுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறை இன்னும் பேரப்பிள்ளைகளிடம் கதை சொல்லிக்கொண்டிருக்கிறது. நாகூர், கூத்தாநல்லூர்ப் பக்கம் அதற்குச் 'சபர்' என்றே பெயர். அந்தப் பயணம் முழுக்க உறவின் பேரில் நடந்தது. அங்கே ஒரு மாமன் கடை வைத்திருப்பார், ஒரு கடிதம் போடுவார், இவர் கிளம்பிவிடுவார். உறவுதான் ஜாமீன், உறவுதான் வங்கி. மாணவர் விசாவின் தர்க்கம் நேர் எதிர். அமெரிக்கா மட்டும் கொஞ்சம் தளர்வு. உறவினர் பொறுப்பேற்றுப் பிரமாணம் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் நேர்காணலில் அந்த உறவினர் ஏன் இவ்வளவு செலவழிக்கிறார் என்ற கேள்வி வரும்.

ஜெர்மனியின் வழி எனக்குப் பிடித்தது, குழப்பம் குறைவு. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. (பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ.) அதற்குப் பதிலாக ஒரு வருட வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே பிளாக்டு அக்கவுண்ட்டில் போட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ, நம் பணத்தில் ஏறக்குறைய 12 லட்சம். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் நம் பணமே நமக்குத் தவணையாக வரும். இதோடு ஏ.பி.எஸ். சான்றிதழ். இந்தியப் பட்டங்கள் உண்மையானவைதானா என்று சரிபார்க்கும் இந்தச் சான்று 2022 நவம்பர் முதல் கட்டாயம். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் கடைசி செமஸ்டரிலேயே தொடங்கிவிட வேண்டும்.

இப்போது காலண்டருக்கு வருவோம். டெல்டாவில் பணம் மாதச் சம்பளமாக வருவதில்லை, அறுவடையில் வருகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். திறந்தால் குறுவை, அது செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. சம்பாவும் தாளடியும் தை, மாசியில். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டால் பணம் கணக்குக்கு வரும். ஆக வருடத்தில் பெரிய தொகை கையில் இருப்பது பிப்ரவரி, மார்ச்சில்தான்.

பிரிட்டனில் செப்டம்பர் சேர்க்கைக்கு விசா விண்ணப்பம் போடுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பணம் அசையாமல் கிடக்க வேண்டிய 28 நாள் அந்தச் சமயத்தில்தான் விழும். அதே ஜூனில் குறுவைக்கு உழவு, விதை, நடவுக் கூலி, உரம். அதே வைகாசி, ஆனியில் கல்யாணங்கள், சீர்வரிசை. பங்குனியில் பதினைந்து லட்சம் இருந்த கணக்கில் ஆடியில் நாலு லட்சம் இருக்கும். யாரும் ஊதாரித்தனம் செய்யவில்லை. டெல்டாவின் பணம் ஆற்றுத் தண்ணீர் மாதிரி, வந்த வேகத்தில் வாய்க்கால் பிரிந்து போய்விடும்.

என் யோசனை இது: தை நெல் பணம் வந்த வாரமே அதில் படிப்புக்கான பங்கை அப்பா அல்லது அம்மா பெயரில் நிரந்தர வைப்பில் போட்டுவிடுங்கள். தேவைப்பட்டால் உடைத்து எடுக்கக்கூடிய வைப்பாக இருந்தால் போதும். குறுவைச் செலவுக்குத் தனியாகப் பயிர்க் கடன் வாங்குவதுகூட மேல். வங்கிக் கல்விக் கடனின் அனுமதிக் கடிதம் மாணவர் பெயரில் கையில் இருந்தால் அந்தத் தொகைக்கு 28 நாள் சிக்கலும் இல்லை. பலர் பாதிக் கடன், பாதி சொந்தப் பணம் என்று போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதைச் செய்யாதவர்கள்தான் ஜூலையில் ஓடுகிறார்கள். வீட்டு நகையெல்லாம் அடகுக்குப் போகும். ஒரே நாளில் கணக்கில் பதினெட்டு லட்சம் ஏறும். எங்கிருந்து வந்தது என்று விசா அதிகாரி கேட்டால் நகைக் கடன் ரசீதைக் காட்டலாம், அதில் பொய் இல்லை. இன்னொரு கூட்டம் இருக்கிறது: "ஃபண்டு நாங்க காட்டிக்கறோம், கமிஷன் மட்டும் குடுங்க" என்று சொல்லும் கூட்டம். பணத்தைச் சில நாள் கணக்கில் போட்டு எடுப்பார்கள், இல்லையென்றால் ஒரு வங்கிக் கடிதத்தையே தயாரித்துவிடுவார்கள். பொய் ஆவணம் என்று தெரிந்தால் பிரிட்டன் பத்து வருடம் உள்ளே விடாது. கமிஷன் வாங்கியவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார், பத்து வருடம் பிள்ளையின் தலையில்.

கமிஷன் பேச்சு வந்ததால் ஒன்று. பல ஏஜென்சிகள் சேர்த்துவிடும் பல்கலைக்கழகத்திடமிருந்து பணம் வாங்குகின்றன. அது குற்றமில்லை. ஆனால் ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கமிஷன் தருவதில்லை. இலவசமாக வழிகாட்டும் ஏஜென்சி, கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரியையே ஏன் சிபாரிசு செய்கிறது என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

வருமானச் சான்றில் இன்னொரு முரண். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் பலர் ரிட்டர்ன் தாக்கல் செய்வதே இல்லை. செய்யத் தேவையும் இல்லை. ஆனால் கல்விக் கடன் வங்கியும் சில தூதரகங்களும் இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் கேட்கும்போது கையில் தாசில்தார் கொடுத்த வருமானச் சான்றிதழ் ஒன்றுதான் இருக்கும். அதிலும் சலுகைகளுக்காக வாங்கியது என்றால் ஆண்டு வருமானம் 72 ஆயிரம் என்று எழுதியிருக்கும்! அதை வைத்துக்கொண்டு முப்பது லட்சம் செலவழிக்கும் குடும்பம் என்று எப்படிச் சொல்வது? பிள்ளை கல்லூரி முதல் வருடம் சேர்ந்ததுமே, விவசாய வருமானத்தைக் காட்டி வரி இல்லாத ரிட்டர்ன் போட்டு வந்தால் நாலு வருடத்தில் ஒரு வரலாறு உருவாகிவிடும். இன்னொரு பலனும் உண்டு. வெளிநாட்டுக்குச் சொந்தப் பணம் அனுப்பும்போது வருடத்துக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் வங்கி முன்வரி பிடிக்கும். வங்கிக் கல்விக் கடன் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் அது இல்லை. பிடித்ததைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும்.

கடனில் வட்டி பற்றி ஒரு வார்த்தை. படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்டத் தேவையில்லை என்பதை 'மூன்று வருடம் வட்டி இல்லை' என்று புரிந்துகொள்பவர்கள் அதிகம். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். முப்பது லட்சத்தையும் தொடக்கத்திலேயே எடுத்ததாக வைத்துக்கொண்டால், பத்து சதவீதத் தனிவட்டியில் மூன்று வருடத்துக்கு ஒன்பது லட்சம். பகுதி நேர வேலை பார்த்து அடைத்துவிடலாம் என்பதும் நம்பத்தக்க கணக்கல்ல. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. அது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போகும்.

அப்புறம் பெயர். தமிழனுக்கு இன்ஷியல் போதும், உலகத்துக்குப் போதாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதியது, பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமல் 'ஆண்' என்று மட்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டவர்களின் அமெரிக்க விசாவில், இருக்கும் ஒரே பெயர் குடும்பப் பெயராகிவிடும். முன்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். பெற்றோர் கணக்கைக் காட்டும்போது இவர்தான் அப்பா என்று நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் அம்மா பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கேள்வி வரும். மார்க் ஷீட்டைத் திருத்துவது நீண்ட வேலை. மற்ற காகிதங்களை மார்க் ஷீட்டுக்கு ஏற்பத் திருத்துவது சுலபம். எனவே அதைத் தாயாக வைத்துக்கொண்டு, திருச்சி பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே எல்லாவற்றையும் ஒருமுறை மேசைமேல் பரப்பிப் பார்த்துவிடுங்கள்.

கலைக் கல்லூரியில் மூன்று வருட பி.எஸ்சி. முடித்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் அதை முழுப் பட்டமாக ஏற்பார்கள். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் பதினாறு வருடப் படிப்பு கேட்கும், இங்கேயே எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் போவது பலருக்கு வசதி. அரியர் எத்தனை என்று கேட்கும் கட்டத்தை மறைக்காதீர்கள், மதிப்பெண் பட்டியலில் எல்லாம் தெரியும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்ற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்த ராமானுஜன், பட்டமே இல்லாமல்தான் 1914 மார்ச்சில் சென்னையில் கப்பல் ஏறி கேம்பிரிட்ஜுக்குப் போனார். அவருக்கும் காகிதம் தேவைப்பட்டது. அங்கிருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகம் ஒதுக்கிய வருடம் 250 பவுண்டு உதவித்தொகை இன்னொன்று. அதில் ஒரு பகுதியை மாதா மாதம் பெற்றோருக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கிளம்பினார். கும்பகோணத்துப் பிள்ளை வேறெப்படிக் கிளம்பும்?

இதுவரை சொன்னது நிலம் உள்ளவர்களின் கதை. டெல்டாவில் நிலத்தில் இறங்கி நாற்று நட்டவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் கிடையாது. அவர்களுக்கு வங்கியின் மூன்றாவது வாசல் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஒரு கதவு அவர்களுக்காகவே இருக்கிறது, அது தெரிந்தவர்கள் குறைவு. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கானது. முதுகலை, முனைவர் படிப்புக்கு மட்டும். வருடத்துக்கு 125 இடங்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். இதில் பெரும்பகுதி பட்டியல் சாதியினருக்கு. நிலமற்ற கூலிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் சேர்த்து வெறும் நான்கு இடம் என்பது எனக்கு ஏற்பில்லை. இருந்தாலும் கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானப் பயணம் எல்லாம் அதில் அடங்கும். தமிழக அரசின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையும் அயல்நாட்டு உயர்கல்விக்கு உதவித்தொகை தருகிறது. 2024-இல் வந்த மத்திய அரசின் வித்யாலட்சுமித் திட்டத்தை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். அது இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கு.

மருத்துவம் படிக்க வெளிநாடு போகிறவர்கள் 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகளைப் படிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. நீட்டில் தேறியிருக்க வேண்டும்; படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில்; அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி. இதில் ஒன்று குறைந்தாலும் திரும்பி வந்து இங்கே மருத்துவம் பார்க்க முடியாது.

கிளம்பும் வாரத்தில் பெட்டி பற்றித்தான் வீட்டில் எல்லோரும் பேசுவார்கள். பருப்புப் பொடி, மோர் மிளகாய் போகட்டும். ஐரோப்பாவுக்கு என்றால் அம்மா உருக்கிய நெய்யை மட்டும் வைக்காதீர்கள். பால் பொருளைப் பயணிகள் கொண்டுவர அங்கே அனுமதி இல்லை, விமான நிலையத்தில் குப்பைக்குப் போகும்.

பெட்டியைவிட முக்கியமான வேலை வங்கியிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் இருக்கிறது. படிக்கப் போகிறவரும் அந்நியச் செலாவணிச் சட்டத்தில் வெளிநாடு வாழ் இந்தியர்தான். அவருடைய சேமிப்புக் கணக்கை அதற்கேற்ற என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக்கொடுக்க வேண்டும். பாகப்பிரிவினை இன்னும் முடியாத வீடாக இருந்தால், அப்பா அல்லது அம்மா பெயருக்கு ஒரு பொது அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் பங்காளிகள் ஒருவழியாக ஒத்துக்கொண்டு பத்திரம் எழுத உட்காரும் நாளில் மகன் ஜெர்மனியின் ஆகன் நகரில் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பான். அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டுச் சான்று வாங்கி, அந்தக் காகிதம் இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டி, அதற்குள் மூன்றாவது அத்தை மனம் மாறாமலும் இருக்க வேண்டும்.